முள்ளு நகராத மீட்டர்

இல்ல சார், அது வேணாம். ஓரத்துல ஒண்ணு ஒதுக்கி வெச்சிருக்கீங்களே, முள்ளு நகராதுன்னு, அதைக் குடுங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன். வேலை செய்யலன்னு நீங்க ரெண்டு தடவை சொல்லிட்டீங்க, எனக்குக் காது நல்லாவே கேக்குது. அதுதான் வேணும்.

குடுக்க மாட்டேன்னா என்ன சார் அர்த்தம்? செத்த பொருளை ஒருத்தர் தலையில கட்ட மனசு வரலங்கறீங்க. நல்ல மனுஷன் நீங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததே இல்ல, சத்தியமா. ஆனா உங்க நல்ல குணத்தை இன்னைக்கு ஒரு நாள் ஓரமா வெச்சுட்டு அந்தக் கெட்ட மீட்டரை எடுத்துக் குடுங்க. ரயிலைப் பிடிக்கணும்.

சரி, உக்காந்துடறேன். காப்பியெல்லாம் வேணாம், தண்ணி போதும்.

மூணாவது தடவை வர்றேன், பழைய கேமரா சாமான் விக்கற உங்க வீட்டுக்கு. காட்பாடியில வண்டி ஏறி பெரம்பூர்ல இறங்கி, ஆட்டோக்காரன்கிட்ட வாயைக் குடுக்காம நடந்தே வந்துடறேன். முதல் தடவை வந்தப்போ எனக்குப் பழைய கேமரான்னா உயிருன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? பொய் சார். கேமராவைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் முத்திரை ஆய்வாளர். தணிகாசலம்னா வேலூர் மார்க்கெட்ல எல்லாருக்கும் தெரியும். தராசு, எடைக்கல், பெட்ரோல் பங்க்ல அளவு, எல்லாத்தையும் சோதிச்சு முத்திரை போடற வேலை. மீன் கடைத் தராசை ரெண்டு நிமிஷம் பார்த்தா போதும், கிலோவுக்கு எத்தனை கிராம் அடிக்கறான்னு சொல்லிடுவேன். முப்பத்தோரு வருஷம். ஒருத்தன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல.

அப்படிப்பட்டவன் உங்க முன்னாடி உக்காந்து தப்பாக் காட்டற மீட்டரைக் குடுங்கன்னு கெஞ்சறேன். பையனுக்காக சார். ஒரே பையன். செழியன். இருபத்தஞ்சு ஆகுது. பதினோரு மாசமா ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறான்.

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கை கால் எல்லாம் நல்லா இருக்கு. கதவைச் சாத்திக்கிட்டான், அவ்வளவுதான். ஜன்னல்ல பேப்பர் ஒட்டிட்டான். அவங்கம்மா சுலோச்சனா தட்டு வெச்சுட்டு வந்தா, நாங்க ஹாலை விட்டு நகர்ந்தப்புறம் எடுத்துக்குவான். பாத்ரூம் அவன் ரூமோடயே இருக்கு. நான்தான் பார்த்துப் பார்த்துக் கட்டினேன், பையனுக்குத் தனி பாத்ரூம்னு. போன் வாங்கிக் குடுத்தது, அணைச்சு பீரோவுல கிடக்குது.

டாக்டர்கிட்ட போனேன் சார். போகாம இருப்பேனா? பையனைக் கூட்டிட்டு வாங்கன்னார். கூட்டிட்டு வர முடிஞ்சா நான் எதுக்கு அவர்கிட்ட போறேன்? வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார், கதவுக்கு வெளியே நின்னு நாப்பது நிமிஷம் நல்லாத்தான் பேசினார். உள்ளேருந்து ஒரு இருமல் சத்தம் கூட இல்ல.

எனக்கு இருக்கற ஒரே ஆறுதல் உள்ளே சுத்தற ஃபேன் சத்தம்தான். ஆபீஸ்லேருந்து வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு நேரா போய் கதவுல காதை வெப்பேன். கரண்ட் போச்சுன்னா ஃபேன் நின்னுடும் பாருங்க, அப்போ அந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்காது. ஒரு நாள் மத்தியானம் ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்ல. நானும் சுலோச்சனாவும் கதவுகிட்ட நின்னுட்டே இருந்தோம். அவ என் சட்டையை இறுக்கிப் பிடிச்சிருந்தா, பட்டன் ரெண்டு தெறிச்சுடுச்சு. கரண்ட் வந்து ஃபேன் சுத்தினதும் உள்ளே யாரோ கட்டில்ல புரண்டு படுக்கற சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துக்காக நான் என் பென்ஷனையே எழுதிக் குடுத்திருப்பேன் சார்.

எதனாலன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. ஒண்ணுமே நடக்கல சார். இன்ஜினியரிங் முடிச்சான், அரியர் எல்லாம் எழுதித்தான் முடிச்சான். குரூப் ஃபோர் எழுதுன்னேன். எழுதினான். ஒரு கேள்வியில போச்சு. ஒண்ணரை மார்க். ரிசல்ட் வந்த அன்னைக்கு எங்க வீட்டுல சுலோச்சனாவோட தம்பி மகளுக்குக் காதுகுத்து. சொந்தக்காரங்க இருபது முப்பது பேர். பையன் என்ன பண்றான்னு எங்க மாமா கேட்டார். நான் சொன்னேன், "இவனைத் தராசுல ஏத்தினா முள்ளு கூட நகராது மாமா"ன்னு. தமாஷ் சார். எங்க டிபார்ட்மென்ட்ல இந்த மாதிரிதான் பேசிக்குவோம். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். நான் பார்த்தேன், என் கண்ணால பார்த்தேன், சிரிச்சான். பந்தியில சாம்பார் கூட அவன்தான் ஊத்தினான். மறுநாள்லேருந்துதான் இப்படி. அதனால அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

கேமராவுக்கு வர்றேன். அப்போ அவன் உள்ளே போய் அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சு. பழைய இரும்புக் கடை ஒண்ணுல தராசு சோதிக்கப் போயிருந்தேன். பித்தளைச் சாமானோட சாமானா ஒரு கேமராவைத் தட்டுல போட்டு நிறுத்துட்டிருந்தான். தொள்ளாயிரத்து இருபது கிராம். பிலிம் போடற கேமரா. பார்த்ததும் எனக்கு என்னமோ ஆச்சு. காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கறப்போ கேட்டான் சார், ஒரு கேமரா வேணும்னு. முதல்ல பேப்பரை க்ளியர் பண்ணுன்னேன். அப்புறம் அவன் கேக்கல, எனக்கும் மறந்துபோச்சு. கடைக்காரன் சும்மா எடுத்துட்டுப் போங்கன்னான். நான் காசு குடுத்து வாங்கி, துடைச்சு, அவன் கதவுக்கு வெளியே வெச்சேன்.

சாயங்காலம் பார்க்கறேன், கேமராவைக் காணோம். உள்ளே எடுத்துட்டுப் போயிட்டான்! ரெண்டு நாள் கழிச்சு, நான் ஹால்ல பேப்பர் படிச்சிட்டிருக்கேன், உள்ளேருந்து குரல் வருது. "இதுல மீட்டர் செத்துப்போச்சு. தனியா லைட் மீட்டர் இருந்தாத்தான் எடுக்க முடியும்."

அஞ்சு மாசத்துக்கப்புறம் அவன் குரலைக் கேக்கறேன். கரகரன்னு இருந்துச்சு, பூட்டி வெச்ச டிரங்குப் பெட்டியைத் திறந்த மாதிரி. நான் எழுந்திரிச்சு நின்னுட்டேன். "வாங்கிடலாம்டா, வாங்கிடலாம்"னு கத்தினேன். லைட் மீட்டர்னா கரண்ட் கம்பத்துலேருந்து வருமே, அந்த மீட்டர்னு நினைச்சேன் சார் நான்! கேமராவுக்கு எதுக்கு ஈ.பி. மீட்டர்னு ஸ்டுடியோக்காரர்கிட்ட போய்க் கேட்டேன், விழுந்து விழுந்து சிரிச்சார். அவர்தான் சொன்னார், வெளிச்சம் எவ்வளவு விழுதுன்னு அளந்து சொல்ற கருவி, அதுக்கேத்த மாதிரி கேமராவுல அளவைத் திருப்பி வெச்சுக்கணும்னு. அளக்கற கருவியா? அப்பாடான்னு இருந்துச்சு. அது நம்ம சப்ஜெக்ட் ஆச்சே.

அவர் மேஜை டிராயர்லேருந்து பழசு ஒண்ணு குடுத்தார். பேட்டரியே வேணாம், வெளிச்சம் பட்டா தானா முள்ளு ஏறும்னார். கதவுகிட்ட வெச்சேன். மறுநாள் காலையில கதவு திறந்துச்சு சார். நாலு விரக்கடை. அதுல அவன் கை மட்டும் தெரிஞ்சுது. நகம் நீளமா வளர்ந்திருந்துச்சு. "அப்பா, இது செலினியம். செல் தேஞ்சுபோச்சு. டார்ச்சை வெச்சு அடிச்சாலும் முள்ளு அசையல. வேற பாருங்க."

அப்பான்னான் சார். பன்னெண்டு வார்த்தை. நான் ஆபீஸ் டைரியில எழுதி வெச்சேன்.

அடுத்தது உங்ககிட்ட வாங்கினதுதான். தோல் பையோட, வட்டமா இருந்துச்சே. அதுக்குப் பழைய மாதிரி பாதரச பேட்டரி போடணும், இப்ப அது வர்றதில்ல, இப்ப வர்றதைப் போட்டா கொஞ்சம் தப்பாக் காட்டும்னு நீங்க சொன்னீங்க. நான் காதுலயே வாங்கிக்கல. பரவால்லன்னு எடுத்துட்டுப் போனேன். அந்தத் தடவை கதவு ஒரு சாண் திறந்துச்சு. முகத்தைப் பார்த்தேன். தாடி. வெள்ளையா வெளுத்துப்போயிருந்தான், ஆஸ்பத்திரியில கிடந்தவன் மாதிரி. ஆனா பேசறான்! "இதுக்கு ஒண்ணு புள்ளி மூணு அஞ்சு வோல்ட் வேணும்பா, இந்த பேட்டரி ஒண்ணரை வோல்ட், அதான் இருக்கற வெளிச்சத்தைவிட அதிகமாக் காட்டுது. அதை நம்பி எடுத்தா படம் இருட்டா வரும்." மூணு நிமிஷம் சார். ஒண்ணரை வோல்ட்டுங்கறான், ஸ்டாப்புங்கறான். எனக்கு ஒண்ணும் புரியல, தலையை மட்டும் ஆட்டினேன். "எங்க வாங்கினீங்க?"ன்னு கேட்டான். "பெரம்பூர்ல ஜெரால்டுன்னு ஒருத்தர், நல்ல மனுஷன்"னேன். "ட்ரெயின்லயா போனீங்க?"ன்னான். "ஆமாடா"ன்னேன். "ஓ"ன்னான்.

அங்கதான் நான் தப்பு பண்ணிட்டேன். நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்தா வெளியே வந்துடுவான்னு நினைச்சேன். உங்ககிட்ட ரெண்டாவது தடவை வந்து, இருக்கறதுலயே உசத்தியானதைக் குடுங்கன்னு கேட்டேன் பாருங்க. நம்பர் காட்டற மீட்டர். பிலிம் சுருளும் நீங்கதான் குடுத்தீங்க. கொண்டுபோய்க் குடுத்தேன். கையில வாங்கி, விளக்குகிட்ட பிடிச்சான், தரையில பிடிச்சான். "இது சரியா இருக்குப்பா"ன்னான். கதவைச் சாத்தினான். அவ்வளவுதான் சார். பத்தொம்பது நாள் பேச்சே இல்ல.

நல்ல மீட்டர் அவன் வாயை அடைச்சுடுச்சு. நானும் விட்டு வைக்கல, தினமும் காலையில ஆபீஸ் போறப்போ ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, கதவைத் தட்டி, "எத்தனை எடுத்தே? சுருளுக்கு முப்பத்தாறு வருமாமே, எத்தனை ஆச்சு?"ன்னு கேட்டேன். அக்கறையிலதான். மறுநாள், "சரிடா, ஒரு பத்தாவது ஆச்சா?"ன்னேன். சுலோச்சனா சொன்னா, "தினமும் போய் ஹாஜர் எடுக்காதீங்க. ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம அவன் கதவுகிட்ட சும்மா உக்காந்திருங்க, போதும்." சும்மா எப்படி சார் உக்கார்றது? சும்மா உக்கார்றதுக்கு அவனைப் பெத்தவன் எதுக்கு?

இப்போ சொல்லப்போறதை நான் அவகிட்டக் கூட சொல்லல.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அவன் குளிக்கற சத்தம் கேட்டுச்சு. கதவு தாழ்ப்பாள் சரியா விழல. நான் உள்ளே போனேன். பதினோரு மாசத்துல முதல் தடவை அந்த ரூமுக்குள்ள காலை வெக்கறேன். படுக்கையை மடிச்சு வெச்சிருந்தான். கேமராவைத் துணியில சுத்தி வெச்சிருந்தான். மீட்டர் மேஜை மேல இருந்துச்சு. பின்னாடி மூடியைத் திறந்து, பேட்டரி உக்கார்ற தகட்டை நகத்தால நெம்பி வளைச்சுட்டேன். நான். ஒருத்தன் தராசுக்கு அடியில ஒரு காந்தத்துண்டை ஒட்டி வெச்சிருந்தான்னு கோர்ட் வரைக்கும் இழுத்தவன் நான். ஆனா வளைச்சேன்.

அன்னைக்கு சாயங்காலமே வெளியே வந்துட்டான். ஹாலுக்கு! அவன் காலை டைல்ஸ் மேல பார்த்து எத்தனை மாசம். சுலோச்சனா சமையக்கட்டுல கரண்டியோட அப்படியே நின்னுட்டா. "நம்பர் வர மாட்டேங்குதுப்பா"ன்னு சொல்லிட்டு என் எதிர்ல தரையில உக்காந்தான். சின்ன ஸ்க்ரூடிரைவர் கேட்டான். நான் ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன். அரை மணி நேரம் சார். அவன் பிரிக்கறான், நான் பக்கத்துல உக்காந்து ஸ்க்ரூவைக் கையில வாங்கி வாங்கி வெச்சுக்கறேன். டி.வி. இல்ல, பேச்சு இல்ல. சுலோச்சனா ரெண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வெச்சா. குடிச்சான். என் வாழ்க்கையில அப்படி ஒரு அரை மணி நேரம் நான் இருந்ததே இல்ல.

அப்புறம் தகட்டைப் பார்த்துட்டான். ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இது தானா வளையாதுப்பா"ன்னான்.

கோவம் எல்லாம் இல்ல. கோவப்பட்டிருந்தாக் கூடப் பரவால்ல. நான், "எனக்கென்னடா தெரியும், அந்த பெரம்பூர்க்காரர் பழசைத் தலையில கட்டிட்டார் போல"ன்னேன். ஆமா சார், உங்க மேல பழியைப் போட்டேன். மன்னிச்சுக்குங்க. வாயில அதுதான் வந்துச்சு.

அவன் தகட்டை நிமிர்த்தி, ஒவ்வொரு ஸ்க்ரூவா என் கையிலேருந்து எடுத்து மாட்டி, எழுந்து போனான். தாழ்ப்பாள் விழற சத்தம் கேட்டுச்சு. மறுநாள் காலையில கதவுக்கு வெளியே எல்லாம் இருந்துச்சு. கேமரா, மூணு மீட்டர், பிரிக்காத பிலிம் சுருள். வரிசையா. ரெண்டு வாரம் ஆகுது. தட்டுல வெச்சது பாதி அப்படியே திரும்பி வருது. நேத்து முழுசா திரும்பி வந்துச்சு. சுலோச்சனா என்கிட்டப் பேசறதையே விட்டுட்டா.

அதனாலதான் சார். முதல்லேருந்து ஆரம்பிக்கணும். தானா கெட்டுப்போன மீட்டர் ஒண்ணு வேணும். நான் கை வெக்காதது. அவன் பிரிச்சுப் பார்த்தா அவனுக்கே தெரியணும், இதை யாரும் வளைக்கல, தானா செத்துருக்குன்னு. அப்போ பேசுவான். ஏன் செத்துச்சுன்னு சொல்வான். குடுங்க சார். கும்பிட்டுக் கேக்கறேன்.

என்ன சார், அப்படிப் பார்க்கறீங்க? மீட்டரைத் தவிர வேற ஏதாவது அவன்கிட்டப் பேசியிருக்கேனாவா? என்ன பேசறது? படிப்பைப் பத்திப் பேசியிருக்கேன், பரீட்சையைப் பத்திப் பேசியிருக்கேன். பேசாமலா இருபத்தஞ்சு வருஷம் வளர்த்தேன்?

போன் எதுக்கு சார்? யாருக்கு? வேணாம். அவன் போன் அணைஞ்சிருக்குன்னு சொன்னேனே. சுலோச்சனா நம்பரா? அவ எடுக்க மாட்டா, என் மேல கோவமா இருக்கா. உங்க போன்லேருந்தா? சார், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் கெட்டதைக் கேட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. எழுதிக்குங்க, தொண்ணூத்தி நாலு...

சுலோ, நான்தான். இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல. பெரம்பூர்ல இருக்கேன். கேமரா விக்கறாரே, அவர் வீட்டுல. அவர் செழியன்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம். போனைக் கொண்டுபோய் கதவுகிட்ட வை. சத்தமா வை. வை, சொல்றேன்.

பேசுங்க சார்.

போனை வெச்சுட்டான்.

ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? சொல்லாதீங்கன்னு சொன்னேனே. "தம்பி, உங்கப்பா வேலை செய்யாத மீட்டர்தான் வேணும்னு அடம் பிடிக்கறார், அதைக் குடுத்தா நீங்க பேசுவீங்களாம், குடுக்கட்டுமா?"ன்னு பட்டுனு கேட்டுட்டீங்களே. லைன் போயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் கேட்டான் பாருங்க, "அவர் பக்கத்துல இருக்காரா?"ன்னு. இருக்கேன்டான்னேன்.

"அப்பா, இனிமே மீட்டர் எதுவும் வேணாம். நீங்க வீட்டுக்கு வாங்க."

கோவமா சொன்னானா சார்? நீங்க வெளி ஆளு, உங்களுக்கு சரியா விளங்கியிருக்கும். எனக்கு அவன் குரலைக் கேட்டா எதுவும் விளங்க மாட்டேங்குது. கோவம் இல்லங்கறீங்களா? அழுத மாதிரி இருந்துச்சா? இல்ல, அவன் அழ மாட்டான், சின்ன வயசுலயே நான் அழ விட்டதில்ல.

வீட்டுக்கு வாங்கன்னான். வீட்டுலதானே சார் இருக்கேன் பதினோரு மாசமா? அந்தக் கதவுக்கு வெளியேதானே இருக்கேன்?

சரி, போறேன். ரெண்டரைக்கு ஒரு வண்டி இருக்கு, அஞ்சு மணிக்குள்ள போயிடுவேன். போனதும் கதவைத் தட்டறேன். திறக்கறான்னு வெச்சுக்குங்க. கையில ஒண்ணும் இல்லாம நிக்கறேன். அப்போ முதல்ல என்ன சொல்றது? சாப்பிட்டியான்னு கேக்கலாம், அது அவங்கம்மா கேக்கறது. எப்படிடா இருக்கேன்னா, ஒரே வீட்டுல இருந்துட்டு என்ன கேள்வின்னு நினைப்பான். ஸாரின்னு சொல்லலாம். தகட்டுக்காகவா? தகட்டுக்காக மட்டும் சொன்னாப் போதுமா சார்?

உங்களுக்கு எத்தனை பசங்க? ரெண்டு பொண்ணா. நல்லாப் பேசுவாங்களா உங்ககிட்ட? நீங்க என்ன பேசுவீங்க அவங்ககிட்ட? சும்மாதான்னா... சும்மான்னா என்ன சார் பேசுவீங்க? ஒரே ஒரு வரி சொல்லுங்க. இருங்க, பேனா இருக்கு, எழுதிக்கிறேன்.